காற்று இறங்கிய ஸ்டெப்னி

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், சான்டா ஃபே ஆற்றங்கரையில், ஜின்னி ஸ்பிரிங்ஸ் என்று ஓர் இடம். சுண்ணாம்புப் பாறைகளுக்கு அடியிலிருந்து ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸில் தண்ணீர் ஊறி வந்துகொண்டே இருக்கிறது. அடியில் கிடக்கும் கல்லை மேலே இருந்து எண்ணலாம், அவ்வளவு தெளிவு. அங்குள்ள ஊற்றுக்கண்களுக்குப் பிசாசின் கண், பிசாசின் காது, குட்டிப் பிசாசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணுக்கும் காதுக்கும் பின்னால், பாறைக்குள், நீர் நிரம்பிய குகைகள் கிலோமீட்டர் கணக்கில் கிளை பிரிந்து ஓடுகின்றன.

அங்கே ஒரு விசித்திரமான விதி. குகைப் பயிற்சி இல்லாத ஸ்கூபா டைவர் அந்த ஊற்றுகளில் தாராளமாக இறங்கலாம்; டார்ச் மட்டும் கொண்டுபோகக் கூடாது. கையில் வெளிச்சம் இருப்பவன் இன்னும் பத்தடி உள்ளே போய்ப் பார்ப்பான், அதற்குப் பிறகு இன்னும் பத்தடி. வெளிச்சம் இல்லாதவன் இருட்டு தொடங்கும் இடத்தில் தானாகத் திரும்பிவிடுவான். அதே வளாகத்தில் 'பால்ரூம்' என்று நீருக்கடியில் ஒரு பெரிய அறை இருக்கிறது. அங்கே டார்ச்சுக்குத் தடையில்லை, ஏனென்றால் அந்த அறையிலிருந்து குகைக்குள் போகும் வழியை இரும்புக் கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். கம்பி போடாத இடத்தில் இருட்டையே கம்பியாக வைத்திருக்கிறார்கள்.

பயிற்சி பெற்றவர்களுக்கு விதி நேர்மாறு. மூன்று டார்ச் இல்லாமல் குகைக்குள் போகக் கூடாது. ஒன்று பிரதான விளக்கு, இரண்டு மாற்று. ஆக பூஜ்யம், அல்லது மூன்று. நடுவில் உள்ள எண்களுக்கு அங்கே மரியாதை கிடையாது.

இப்படி விதி வகுக்கும் வழக்கத்துக்குப் பின்னால் ஷெக் எக்ஸ்லி என்ற கணக்கு வாத்தியார் இருக்கிறார். ஃபுளோரிடாக்காரர், குகை டைவிங்கில் பெரும் புள்ளி. குகைகளில் செத்துப்போனவர்களின் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தார். 1979-ல் சின்னப் புத்தகமாக அதை வெளியிட்டார். வெளியே வரும் வழிக்குத் தொடர்ச்சியாகக் கயிறு போடாதது, திரும்பி வருவதற்குப் போதுமான காற்றை ஒதுக்காதது, தகுதிக்கு மீறிய ஆழம் போனது என்று மூன்று காரணங்கள் தேறின. பயிற்சியையும் விளக்கையும் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். விளக்கு கடைசியில் வருவது எனக்குச் சரியாகவே படுகிறது. சேறு கலங்கிவிட்டால் எந்த டார்ச்சும் ஒன்றும் காட்டாது, கயிறுதான் வழி. 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் பன்னிரண்டு சிறுவர்களையும் அவர்களுடைய பயிற்சியாளரையும் மீட்ட டைவர்கள் கலங்கல் நீரில் பெரும்பாலும் கயிற்றைத் தடவித்தான் போய் வந்தார்கள்.

நம்மில் பெரும்பாலோர் குகைக்குள் போகப் போவதில்லை. அந்தமானிலோ திருகோணமலையிலோ புதுச்சேரிக்கு வெளியேயோ கடலில் ஓர் இரவு டைவ், அல்லது மூழ்கிய கப்பலின் ஓரமாக ஒரு சுற்று, அவ்வளவுதான். தலைக்கு மேல் பாறை இல்லை; ஏதாவது ஆனால் மேலே வந்துவிடலாம். அதற்கு ஒரு பிரதான டார்ச், ஒரு மாற்று போதும். கேள்வி அந்த மாற்று டார்ச்சைப் பற்றியது. முகக்கண்ணாடி, துடுப்பு, ரெகுலேட்டர், டைவ் கணினி என்று ஏற்கெனவே காசு கரைந்திருக்கும். கடைசியில் வாங்கும் இந்தச் சின்னப் பொருளுக்கு எவ்வளவு செலவழிப்பது? எதைப் பார்த்து வாங்குவது?

*

லாரிக்காரரும் ஆட்டோக்காரரும் சொல்லும் 'ஸ்டெப்னி' என்ற சொல், வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. ஆரம்பகாலக் கார்களில் உபரிச் சக்கரம் கிடையாது. பஞ்சர் ஆனால் நடுத்தெருவில் உட்கார்ந்து டயரைக் கழற்றி ஒட்ட வேண்டும். 1904 வாக்கில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் ஒரு மாற்று கண்டுபிடித்தார். அது முழுச் சக்கரம்கூட அல்ல. ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன்மேல் காற்றடைத்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல், அதன் பக்கத்திலேயே இதை வைத்து இறுக்கி, வீடுபோய்ச் சேரலாம்.

வீடுபோய்ச் சேரலாம் என்பதுதான் முக்கியம். டேவிஸ் இன்னொரு நல்ல சக்கரம் செய்யவில்லை. வீடு வரைக்கும் தாங்கும் ஒன்றைச் செய்தார். மாற்று டார்ச் வாங்குகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். பிரதான டார்ச் 1,000 லூமென் என்றால் மாற்று 800-ஆவது வேண்டாமா என்று கேட்கிறார்கள். எதற்கு? பிரதானம் அணைந்த நொடியே அந்த டைவ் முடிந்தது. அதற்குப் பிறகு செய்ய வேண்டியவை நாலு: காற்றழுத்த மீட்டரைப் படிப்பது, கூட்டாளியைத் தேடி அவருக்குச் சைகை காட்டுவது, மேலே ஏறும்போது ஆழத்தைக் கவனிப்பது, மேலே வந்ததும் படகுக்குத் தெரியும்படி பிடிப்பது. இதற்கு 200 லூமென் ஏராளம். ஆமையைப் படம்பிடிக்கத்தான் 1,000 வேண்டும்.

ஆனால் அந்த 200 லூமென் கேட்ட நொடியில் வந்தாக வேண்டும். ஸ்டெப்னியில் காற்று இறங்கியிருப்பது பஞ்சரான பிறகுதான் தெரியும் என்பது நம் சாலைகளின் பழைய துக்கம்.

எனக்கும் அது நடந்தது. அந்தமானில் ஒரு தீவு. தள்ளுபடியில் ஜோடியாக வாங்கிய இரண்டு டார்ச், ஒரே மாடல், இரண்டுமே சார்ஜ் செய்பவை. முந்தைய இரவு ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டையும் சொருகிவிட்டுத் தூங்கினேன். இரவில் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. காலையில் பார்த்தபோது சார்ஜரில் பச்சை விளக்கு. சார்ஜ் ஏறி முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். (அந்தச் சார்ஜரில் செல் சரியாக உட்காராவிட்டாலும் பச்சைதான் எரியும் என்று பிறகு கண்டுபிடித்தேன்.) இரவு டைவ், பதினாலு மீட்டர். இருபத்தைந்தாவது நிமிடம் முதல் டார்ச் மங்காமல், சிமிட்டாமல், சட்டென்று போனது. இரண்டாவதை எடுத்தேன். கூட்டாளிக்குச் சைகை காட்டி, மேலே ஏற ஆரம்பித்து, பாதுகாப்பு நிறுத்தத்தில் நிற்கும்போது அதுவும் போனது. கூட்டாளியின் வெளிச்சத்தில்தான் மீதி மூன்று நிமிடம். ஆபத்து என்று சொல்ல முடியாது. அவமானம் என்று சொல்லலாம்.

படகில் ஏறியதும் டைவ் மாஸ்டர் இரண்டையும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பையன் தூத்துக்குடிப் பக்கம். "ரெண்டும் ஒட்டிப் பொறந்தது சார்," என்றார். "ஒண்ணு போனா இன்னொண்ணும் கூடவே போகும்."

*

பொறியாளர்கள் 'பொதுக் காரணப் பழுது' என்று நீட்டி முழக்குவதை அவர் மூன்று சொல்லில் சொல்லிவிட்டார்.

கணக்கு இப்படி. ஒரு டார்ச் ஐம்பது டைவில் ஒரு முறை பழுதாகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு டார்ச் கொண்டுபோனால் இரண்டும் ஒரே டைவில் பழுதாகும் வாய்ப்பு ஐம்பதை ஐம்பதால் பெருக்கினால் வரும் 2,500-ல் ஒன்று. மூன்று என்றால் 1,25,000-ல் ஒன்று. மூன்று டார்ச் விதியின் பலம் இந்தப் பெருக்கலில் இருக்கிறது. சுமாரான டார்ச்சுகள் மூன்று சேர்ந்தால், உலகத்தில் எந்த விலைக்கும் கிடைக்காத ஒரு டார்ச்சுக்குச் சமம். மலிவு விலைக்கு அறிவியல் தரும் நியாயமும் இதுவே: ஒரு டார்ச்சின் பழுதை ஐம்பதில் ஒன்றிலிருந்து நூறில் ஒன்றாகக் குறைக்க இரண்டு மடங்கு விலை கொடுப்பதைவிட, அதே காசில் இன்னொன்று வாங்குவது பல மடங்கு லாபம்.

ஆனால் பெருக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. ஒரே இரவில், ஒரே பெட்டியில், ஒரே மின்வெட்டில் சார்ஜ் ஆன இரண்டு டார்ச்சுக்கு ஐம்பதை ஐம்பதால் பெருக்க முடியாது. அங்கே வாய்ப்பு பழையபடி ஐம்பதில் ஒன்றுதான். கையில் இரண்டு இருந்தது, கணக்கில் ஒன்று.

இந்தப் பாடத்தை உலகம் மிகக் கொடுமையாகக் கற்றுக்கொண்ட நாள் 1986 ஜனவரி 28. சாலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-ஆவது நொடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். அதன் திட எரிபொருள் ராக்கெட்டுகள் துண்டு துண்டாகச் செய்யப்பட்டு இணைக்கப்பட்டவை. ஒவ்வோர் இணைப்பிலும் வாயு கசியாமல் இருக்க இரண்டு ரப்பர் வளையங்கள். ஒன்று தோற்றால் இன்னொன்று பிடிக்கும் என்பது ஏற்பாடு. ஆனால் எரியும்போது உள்ளே எழும் அழுத்தத்தில் உலோக உடல் வெளியே புடைத்து, இணைப்பின் இடைவெளி விரிந்தது. அப்படி விரிந்த இடைவெளியில் முதல் வளையம் நழுவினால் இரண்டாவதும் பிடிப்பை இழக்கும். நாசாவுக்கு இது தெரியாமல் இல்லை. விபத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1982 டிசம்பரில், அந்த இணைப்பை 'மாற்று உள்ளது' என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். காகிதத்தில் திருத்தினார்கள், ராக்கெட்டில் திருத்தவில்லை. விபத்தன்று காலை கடும் குளிர். குளிரில் ரப்பரின் துள்ளல் போய்விடுகிறது. இரண்டு வளையத்துக்கும் அதே ரப்பர், அதே குளிர். விசாரணையின்போது இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த ரப்பர்த் துண்டு ஒன்றை இடுக்கியில் அழுத்தி, ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து, அது பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் சோம்பிக் கிடப்பதைக் காட்டினார்.

ஃபைன்மன் கையில் இருந்த அதே ஓ-ரிங்தான், சுண்டுவிரல் மோதிரம் அளவில், நம் டார்ச்சுக்குள்ளும் கடலைத் தடுத்து நிற்கிறது.

*

நீல்ஸ் கிறிஸ்டென்சன் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1937-ல், ஓ-ரிங்குக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1939-ல் கிடைத்தது. வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்கும் ஒரு ரப்பர் வளையம், அதைவிடச் சற்றே ஆழம் குறைந்த ஒரு பள்ளம், அவ்வளவுதான் அது. மூடியைத் திருகும்போது வளையம் கொஞ்சம் நசுங்கி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அழகு அதற்குப் பிறகுதான். வெளியே நீரின் அழுத்தம் கூடக் கூட, அது வளையத்தைப் பள்ளத்தின் மறுசுவரில் நெருக்கி, இன்னும் இறுக்கமாக உட்கார வைக்கிறது. திருடன் தள்ளத் தள்ள இறுகும் கதவு.

அதனால்தான் மோசமான டார்ச் பெரும்பாலும் ஆழத்தில் காட்டிக்கொடுப்பதில்லை, முதல் சில மீட்டரிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அங்கே வளையத்தை இறுக்க அழுத்தம் போதாது. உள்ளே விட மட்டும் போதும். கசிவுக்குக் காரணமும் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு தலைமுடி, ஒரு மணல்துகள், காய்ந்துபோன ரப்பர். ஆண்டுக்கணக்கில் நசுங்கியே கிடந்த வளையம் தட்டையாகி, ஃபைன்மனின் ஐஸ் தண்ணீர்த் துண்டுபோல, திரும்ப எழாது. புது வளையம் பழப்பெட்டி ரப்பர் பேண்டு விலைக்குச் சற்று மேல். ஆனால் உங்கள் டார்ச்சுக்கு எந்த அளவு என்று கையேட்டில் போட்டிருக்க வேண்டும், தனியாகக் கிடைக்கவும் வேண்டும். பெட்டிக்குள்ளேயே உபரி வளையம் வைத்து விற்கும் மலிவு டார்ச்சைப் பார்த்தால் எனக்கு அந்தக் கம்பெனிமேல் ஒரு பிரியம் வருகிறது.

அடுத்து, ஓட்டைகளை எண்ணுங்கள். டார்ச்சில் நீர் புகச் சாத்தியமான இடங்கள் எத்தனை? முன்கண்ணாடி ஒன்று, மூடி ஒன்று, ஸ்விட்ச் ஒன்று, சார்ஜ் செய்யும் துளை இருந்தால் அது ஒன்று. மாற்று டார்ச்சுக்குச் சார்ஜ் துளை வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. ஸ்விட்சில் மூன்று சாதி. ரப்பர் போர்த்திய அமுக்கு பொத்தான்: நீரின் அழுத்தமே அதை அமுக்கிவிடலாம், ரப்பரும் ஒரு நாள் கிழியும். காந்த ஸ்விட்ச்: வெளியே ஒரு காந்தம் நகர, உள்ளே ஓர் உணரி அதைக் கண்டுகொள்ளும், உடலில் துளையே இல்லை. நல்ல ஏற்பாடு, ஆனால் காந்தத்தின் அடியில் மணல் சேர்ந்தால் நகராது, திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அதைக் குழப்பும். மூன்றாவது, தலையைத் திருகினால் எரிவது. தனி ஸ்விட்சே இல்லை. மூடிக்கும் ஸ்விட்சுக்கும் ஒரே ஓ-ரிங். பழைய குகை டைவர்கள் மாற்று விளக்குக்கு இதைத்தான் விரும்பினார்கள்.

திருகு டார்ச்சுக்கு ஒரு குறும்பு உண்டு. ஆழத்தில் அழுத்தம் தலையை உள்ளே தள்ள, மின்முனைகள் தொட்டு, பையில் கிடக்கும்போதே தானாக எரிய ஆரம்பித்துவிடும். அதைத் தடுக்க அணைத்த பிறகு இன்னும் கொஞ்சம் திருகித் தளர்த்தி வைப்பார்கள். ரொம்பத் தளர்த்தினால் வளையம் இருப்பிடத்தை விட்டு வெளியே வந்து, தண்ணீர் உள்ளே. எத்தனை சுற்று என்பதைக் கரையிலேயே பழகி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.8 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். எட்டு என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. எவ்வளவு கடுமை என்பதைத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். இரண்டு மீட்டர் தாங்கும் டார்ச்சும் எட்டு, நூறு மீட்டர் தாங்குவதும் எட்டு. எனவே எண்ணை விடுங்கள், மீட்டரைத் தேடுங்கள். மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள முன்கண்ணாடிமேல் முப்பது மீட்டர் ஆழத்தில் விழும் சுமை ஏறக்குறைய 21 கிலோ. கிட்டத்தட்ட ஓர் அரிசி மூட்டை. நூறு மீட்டர் என்றால் எழுபது கிலோ ஆள் அதன்மேல் ஏறி நிற்பதுபோல. மழைக்கு நனைந்தாலும் எரியும் முகாம் டார்ச்சுக்கு இந்தப் பாரம் பழக்கமில்லை.

*

வெளிச்சத்துக்கு வருவோம். கடலில் பகலிலேயே சிவப்பு சீக்கிரம் செத்துப்போகிறது. தூய நீரில்கூட 650 நானோமீட்டர் சிவப்பு ஐந்து மீட்டர் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே தேய்ந்துவிடும். நீலமோ அந்தத் தூரத்தில் வாசலைத் தாண்டியதுபோல நடந்துபோகும். இருபது மீட்டரில் கை கீறினால் ரத்தம் பச்சையாகத் தெரிவது இதனால். டார்ச்சை ஒரு மீட்டர் தூரத்தில் பிடித்தால் ஒளி போய்வரும் வழி இரண்டே மீட்டர். பவளத்தின் சிவப்பு உயிரோடு திரும்பி வரும்.

பெட்டிமேல் கொட்டை எழுத்தில் இருக்கும் லூமென், டார்ச் கக்கும் மொத்த ஒளி. அதை எவ்வளவு குறுகலாகக் குவிக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. அதே 200 லூமெனை 60 டிகிரியில் பரப்புவதற்குப் பதில் 6 டிகிரிக்குள் குவித்தால், நடுவில் விழும் ஒளியின் செறிவு கிட்டத்தட்ட நூறு மடங்கு. நீருக்குள் குறுகிய கற்றைக்கு இன்னொரு சாதகம். கொடைக்கானல் மலைப்பாதையில் பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டவர்களுக்குத் தெரியும், எதிரே வெள்ளைச் சுவர்தான் எழும். கடலில் மிதக்கும் துகள்களும் அப்படியே. அகலமாகப் பரப்பும் வீடியோ விளக்கு அத்தனை துகளையும் கொளுத்திக் கண்ணில் எறிகிறது. குறுகிய கற்றை கொஞ்சம் துகளைத்தான் தொடும். மீதி ஊடுருவிப் போகும். சைகைக்கும் அதுதான் வேண்டும். தரையில் மெதுவாக வட்டம் போட்டால் 'நான் நலம்', பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் 'ஆபத்து, இங்கே பார்'. பரந்த ஒளியில் வட்டமும் தெரியாது, ஆட்டமும் தெரியாது.

கண்ணும் லூமெனை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. ஒளியைப் பல மடங்கு கூட்டினால்தான் இரு மடங்கானதாகத் தோன்றும். 300-க்கும் 500-க்கும் இடையே கடையில் தெரியும் வித்தியாசம் விலைச்சீட்டில் இருப்பது.

*

பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு பெருக்கல் போதும். மலிவு டார்ச்சுகளில் அதிகம் வருவது 18650 என்ற லித்தியம்-அயனி செல். பதினெட்டு மில்லிமீட்டர் விட்டம், அறுபத்தைந்து மில்லிமீட்டர் நீளம், பெயரே அளவு. நல்ல செல்லில் 3,500 மில்லியாம்பியர்-மணி அளவுக்குக் கொள்ளும். வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 12.6 வாட்-மணி. வெள்ளை எல்.இ.டி. டார்ச்சில் ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக 1,000 லூமெனுக்குப் பத்து வாட், ஒரு மணிக்குக் கொஞ்சம் மேல் எரியும். இது நியாயம். '2,000 லூமென், ஐந்து மணி நேரம், ஒரே செல்' என்று ஒரு டார்ச் சொன்னால் அதற்கு நூறு வாட்-மணி வேண்டும். எட்டு செல்லை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான்? அதேபோல் செல்மேலேயே 9,900 என்று அச்சிட்டு வரும். அந்த அளவு உடம்புக்குள் அவ்வளவு கொள்ளாது. அப்படி அச்சடித்தவர் ஓ-ரிங் பள்ளத்தை மட்டும் ஒழுங்காகக் கடைந்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மாற்று டார்ச்சில் லித்தியமே வேண்டாமென்று சொல்பவர்களும் உண்டு. நான் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேன். பிரதானம் சார்ஜ் செய்வதாக இருக்கட்டும், மாற்று கடையில் வாங்கிப் போடும் ஆல்கலைன் செல்லாக இருக்கட்டும். மின்வெட்டு ஒன்றைத் தொட்டாலும் மற்றதைத் தொடாது; ஒட்டிப் பிறந்ததை வெட்டிப் பிரித்தாயிற்று. ஆல்கலைனுக்கு இன்னொரு குணம்: அது மெல்ல மெல்ல மங்கும். நவீன டார்ச்சுக்குள் இருக்கும் மின்சுற்று கடைசிச் சொட்டுவரை ஒரே வெளிச்சம் தந்துவிட்டு, என் அந்தமான் டார்ச்சைப்போல, சொல்லாமல் கொள்ளாமல் அணையும். விற்கும்போது அதைப் பெருமையாகச் சொல்வார்கள். நேரடியாக எரியும் எளிய டார்ச்சோ மஞ்சளாகித் தள்ளாடி, சாவதற்கு முன் நெடுநேரம் முனகும். மாற்று விளக்கில் அந்த முனகல் ஒரு வரம்.

ஆல்கலைனின் குறை, கசிவு. டார்ச்சுக்குள்ளேயே மறந்துவிட்டால் ஓராண்டில் காரம் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றிருக்கும். பயணம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். எந்த வகை செல்லானாலும் உப்புநீர் புகுந்த டார்ச்சை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்கக் கூடாது. உள்ளே மின்சாரம் உப்புநீரைப் பிரித்து ஹைட்ரஜனும் குளோரினும் உண்டாக்கியிருக்கலாம். அடைபட்ட வாயு மூடியைத் துப்பாக்கிக் குண்டாக்கும். விமானத்தில் போகிறவர்கள் உபரி லித்தியம் செல்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது.

எஸ்.ஓ.எஸ்., மினுக்கல், மூன்று நிலை வெளிச்சம் என்று இருக்கும் டார்ச்சுகளைத் தவிர்க்கவும். இருட்டில் நடுங்கும் கையால் நாலு முறை அமுக்கித்தான் சாதாரண வெளிச்சத்துக்கு வர முடியும் என்றால் அது பொம்மை. எரி, அணை. அதற்குமேல் மாற்று டார்ச் எதுவும் கற்றிருக்க வேண்டாம்.

*

வாங்கியதும் கடலுக்கு எடுத்துப்போவதற்கு முன் வீட்டில் இரண்டு சோதனை. முதலாவது எரிப்பு. வாளித் தண்ணீரில் மூழ்க வைத்து எரிய விடுங்கள்; மலிவு டார்ச்சுகள் சூட்டைத் தண்ணீரில் இறக்கியே பழகியவை, காற்றில் வெகுநேரம் எரித்தால் எல்.இ.டி. வெந்துவிடும். அரை மணிக்கு ஒரு முறை வெளியே எடுத்து ஒரே சுவரில் அடித்து, அந்த வெளிச்சத்தை போனில் படம் எடுத்துவையுங்கள். போனின் தானியங்கி வெளிச்சச் சரிக்கட்டலை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் படமும் ஒன்றுபோல இருக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் மணிக்கணக்கு எவ்வளவு உண்மை என்று அன்று இரவே தெரிந்துவிடும்.

இரண்டாவது கசிவு. செல்லைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி வைத்து மூடி, முதல் பகல் டைவுக்கு அதை வெறுமனே கூட்டிப்போங்கள். மேலே வந்து திறந்தால் காகிதம் சாட்சி சொல்லும். ஈரம் துளி இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாளித் தண்ணீர் இந்தச் சோதனைக்குப் போதாது. மேலோட்டக் கசிவைத்தான் அது காட்டும், கண்ணாடியின் பலத்தைக் காட்டாது.

பிறகு அதைத் தொங்கவிடும் முறை. பையில் போட்டால் தேடும் நேரத்தில் கையில் வராது. குகை டைவர்கள் டார்ச்சின் பின்புறத்தில் கொக்கியைக் கயிற்றால் கட்டுவார்கள், உலோகத்தை உலோகத்தில் நேரடியாக மாட்ட மாட்டார்கள். எங்காவது சிக்கினால் கத்தியால் அறுக்க முடிய வேண்டும். கொக்கியைத் தோள்பட்டை வாரின் வளையத்தில் மாட்டி, டார்ச்சின் உடலை வாரோடு சேர்த்து ஒரு ரப்பர் பட்டையில் செருகிவிடுவார்கள். அந்தப் பட்டைக்கு அவர்களில் பலர் பயன்படுத்துவது பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய துண்டு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, எரித்து, அணைத்து, திரும்பச் செருகப் பழக வேண்டும். ஹாலில் உட்கார்ந்தே பழகலாம். வீட்டில் இருப்பவர்கள் பார்க்கும் பார்வையைத் தாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது என்னிடம் இருக்கும் மாற்று டார்ச் பிளாஸ்டிக் உடம்பு, திருகு தலை, நாலு பென்டார்ச் செல். பிரதான டார்ச்சின் விலையில் கால் பங்குகூட இல்லை. உடம்பில் ஒட்டிய பிளாஸ்டரில் செல் போட்ட தேதியை எழுதிவைக்கிறேன். ஒவ்வொரு பயணத்துக்கும் புது செல். பழையது பாதி நிரம்பியிருந்தாலும் கழற்றிவிடுவேன். இது வீண் செலவு என்று மனைவி முதலில் சண்டை பிடித்தாள். இப்போது நான் பயணம் கிளம்பும் நாளை அவளே விசாரித்து வைத்துக்கொள்கிறாள். கழற்றிய செல்கள் சுவர்க் கடிகாரத்துக்கும் டி.வி. ரிமோட்டுக்கும் போகின்றன, நாலாவது செல் யாருக்கு என்பதில்தான் வீட்டில் இன்னும் தகராறு.